முத்திரைச் செல்வர் பிலிப் பெராரி

அஞ்சல் முத்திரை சேர்ப்போர் இன்று எல்லா நாடுகளிலும் உளர். மன்னரும் உளர், மாணவரும் உளர். அவருள் தலையாயவர் யாவரென வினவின், அக்கலையிலே பழகியோர் ஒரே பெயரையே கூறுவர். அவர்தாம் பிலிப் பெராரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய முத்திரைகளுள் அரியனவெல்லாம் ஒரு காலத்திலே இவர் கைக்குள் அடங்கிக் கிடந்தன. பிற கண்டங்களின் முத்திரைகளும் அவ்வாறே. அத்துணைப் பெருந்தொகுப்பு அவர்க்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. அவர்தம் வரலாறு நம் கல்லூரி மாணவர் அறியத்தக்கது. இடைவேளையிலே முத்திரை மாற்றிக்கொள்ளும் சிறுவர்க்கு அது விருந்தாகும். அதனை வீண்பொழுதென்று கடியும் பெற்றோர்க்கும் அதிலே சிந்திக்க இடமுண்டு.

பெராரி 1850ஆம் ஆண்டு பாரிசு நகரிலே பிறந்தார். தந்தையார் செனோவா நகரத்துப் பெருவணிகர். இருப்புப்பாதைகளிலும் வங்கிகளிலும் முதலிட்டு ஐரோப்பாவின் முதற்பெருஞ் செல்வர் வரிசையிலே நின்றவர். கலியேரா என்னும் ஊரின் கோமகன் என்ற பட்டம் பெற்றவர். தாயார் மரியா பிரிஞ்ஞோலே சாலே செனோவாவின் தொல்குடியிலே தோன்றியவர். இருவரும் கொடையிலே சிறந்தவர். தந்தையார் செனோவாத் துறைமுகத்தை விரிப்பதற்கு 2 கோடி லீராவை ஈந்தார். தாயார் மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் எடுப்பித்தார். இத்தகைய குடியிலே தோன்றிய ஒரு மகன் அப்பொருளை ஆளவும் பெருக்கவும் செய்வான் என்றே உலகம் எதிர்பார்க்கும்.

பிலிப் அது செய்திலர். 1876இல் தந்தையார் இறந்தபின், அவர்க்கு உரித்தாய பட்டத்தை ஏற்க மறுத்தார். ஒஸ்திரியப் படைத்துறையாளர் ஒருவர்க்குச் சுவீகார புத்திரராகி, லா ரெனொத்தியே என்னும் அவர் குடிப்பெயரையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். சில காலம் பாரிசிலே அரசியற் கல்விக் கழகத்தில் ஆசிரியராகவும் இருந்தார். பிறந்தது பிரான்சிலே, குடி இத்தாலியக் குடி, விரும்பி ஏற்றது ஒஸ்திரிய உரிமை. எந்நாட்டுக்கும் முழுமையாய் உரியராகாது வாழ்ந்த இந்நிலை அவர் வாழ்நாளின் முடிவிலே பெருந்தீங்காய் முடிந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

அவர் குடியிருந்த மாளிகை மத்தீஞோன் மாளிகை எனப்படும். தாயார் 1888இல் இறந்தபோது அதனை ஒஸ்திரியப் பேரரசர்க்கு விட்டுச் சென்றார். அது ஒஸ்திரியத் தூதரகமாயிற்று. ஆயினும் அதன் ஒரு பகுதியிலே மகனார் தொடர்ந்து வாழ்ந்தார். இன்று அம்மாளிகையிலேயே பிரெஞ்சு நாட்டின் முதலமைச்சர் உறைகின்றார்.

பெராரி சிறுவராய் இருந்த காலமும் முத்திரை சேர்க்கும் வழக்கம் தோன்றிய காலமும் ஒன்றே. உலகின் முதலாவது ஒட்டு முத்திரையை இங்கிலாந்து 1840 மே 6ஆம் நாள் வழக்கிற்குக் கொணர்ந்தது. விக்டோரியா அரசியின் தலையுருவம் தாங்கிய அக்கரிய ஒரு பெனி முத்திரைக்குப் பின், ஐரோப்பிய அரசுகள் ஒவ்வொன்றாய் அவ்வழியைப் பின்பற்றின. யேர்மன் நாட்டிலும் இத்தாலியிலும் அந்நாளிலே பல சிற்றரசுகள் இருந்தன; ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி முத்திரை வெளியிட்டது. பின்னர் அவ்வரசுகள் மறைந்தன. அவற்றின் முத்திரைகள் மட்டும் எஞ்சின. பாடன், பவாரியா, சக்சனி, தொஸ்கானா, மொடேனா, நேப்பிள்ஸ் என்னும் பெயர்களை இன்று நம் மாணவர் வரலாற்று நூலில் ஒரு முறை கண்டு மறப்பர். முத்திரை சேர்ப்போன் மறவான்.

பிலிப் பிள்ளைப் பருவத்திலேயே சேர்க்கத் தொடங்கினார். பொருள் கைக்கு வந்தபின், ஒரு நாட்டையோ ஒரு காலத்தையோ தெரிந்துகொள்ளாமல், உலகிலே வெளிவந்த முத்திரை ஒவ்வொன்றிலும் ஒன்றேனும் தம்மிடம் இருத்தல் வேண்டும் என உறுதி பூண்டார். இன்று அவ்வெண்ணம் கொண்டோரை நாம் நகைப்போம். அன்று அது பெரும்பொருள் படைத்த ஒருவர்க்கு எட்டாததன்று. 1874 முதல் பியேர் மகே என்னும் பாரிசு முத்திரை வணிகரைத் தம் தொகுப்பின் காவலராய் அமர்த்தினார். மகே 1913இல் இறக்கும்வரை அப்பணியிலேயே இருந்தார். 1878இல் இலண்டன் முத்திரைச் சங்கத்தின் முதற்றலைவராய் இருந்த சேர் டானியல் கூப்பரின் தொகுப்பு முழுவதையும் 3000 பவுண் கொடுத்து வாங்கினார். 1882இல் பில்பிரிக் என்னும் நீதிபதியின் தொகுப்பு 8000 பவுண் அளவில் அவரிடம் வந்தது. பிறர் ஒற்றை முத்திரைக்கு அலைந்த காலத்திலே இவர் தொகுப்புகளையே வாங்கினார்.

ஐரோப்பிய நகரங்களிலெல்லாம் முத்திரைக் கடைகளை நாடிச் செல்லுதல் அவர் வழக்கம். கடன் சொல்லார், கைமேற் காசு கொடுப்பார். விலை பேசி மல்லுக்கு நில்லார். வணிகர்க்கு அவர் வரவு திருவிழாப் போன்றது.

அவர் பெற்ற அரும்பொருள்களுள் இரண்டை விரித்துக் கூறின் அக்கலையின் நுட்பம் விளங்கும்.

முதலாவது, பிரித்தானிய கயானாவின் ஒரு சத முத்திரை. சென்னையிலிருந்து தமிழ்க் கூலி மக்கள் கப்பலேறித் தெமராரா என்று அறிந்து சென்ற அந்நாடுதான் அது. 1856இல் இலண்டனிலிருந்து வரவேண்டிய முத்திரைகள் வந்து சேரவில்லை. அஞ்சல் அதிபர் யோர்ச்சுத் தவுணிலிருந்த செய்தித்தாள் அச்சகத்தாரைக் கொண்டு கருஞ்சிவப்புத் தாளிலே கப்பற்படம் ஒன்றை அச்சிடுவித்தார். எவரும் எளிதிற் போலி செய்யக்கூடும் என அஞ்சி, கந்தோர் எழுதுவினைஞர் ஒவ்வொரு முத்திரையிலும் தம் பெயரின் முதலெழுத்துகளை மையினால் இட வேண்டுமெனக் கட்டளையிட்டார். 1873இல் வேர்னன் வோகன் என்னும் 12 வயதுச் சிறுவன் தன் வீட்டுப் பழங்கடிதங்களிடையே அவற்றுள் ஒன்றைக் கண்டான். மூலைகள் நறுக்குண்டு எண்கோணமாய், மங்கிக் கிடந்தது அது. அவன் வைத்திருந்த ஏட்டிலே அதற்கு இடமில்லை. ஊரிலுள்ள மக்கினன் என்பவர்க்கு 6 சிலிங்குக்கு விற்றான். மக்கினனும் அரைமனத்தோடுதான் வாங்கினார். 1878இல் அவர் தொகுப்பு முழுவதும் லிவர்ப்பூல் வணிகர் இரிட்பாத்துக்கு 120 பவுணுக்குப் போயிற்று. அவ்வணிகர் அந்த ஒன்றை மட்டும் பெராரிக்கு 150 பவுண் அளவில் விற்றார். அத்தகைய முத்திரை பிறிதொன்று உண்மை எனத் தேறியது இன்றுவரை இல்லை.

இரண்டாவது, சுவீடன் நாட்டு மூன்று சில்லிங்கு முத்திரை. அந்நாட்டின் முதல் முத்திரைகள் 1855இல் வெளிவந்தன. மூன்று சில்லிங்கு நீலங்கலந்த பச்சை. எட்டு சில்லிங்கு மஞ்சள். அச்சுப்பாளத்திலே எட்டுக்குரிய சிற்றச்சு ஒன்று பழுதாக, அதனிடத்தில் மூன்றுக்குரிய அச்சொன்றைத் தவறிச் செருகியிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் கருத்து. அதனால் மஞ்சள் நிறத்திலே ஒரு மூன்று சில்லிங்கு பிறந்தது. 1886ஆம் ஆண்டளவில் பேக்மன் என்னும் பள்ளிச் சிறுவன் தன் பாட்டியார் வீட்டிலே பழங்கடிதங்களைக் கிளறியபோது அதனைக் கண்டெடுத்து, தொக்கோம் நகரத்து வணிகர்க்கு 7 குரோணருக்குக் கொடுத்தான். பின்னர் அது வியன்னா வணிகர் பிரீடலின் கைக்கு வந்தது. 1894இல் பெராரி 4000 கில்டர் கொடுத்து அதனை வாங்கினார். இம்முத்திரையின் உண்மையைப் பற்றி ஐயம் தோன்றாமல் இல்லை. 1974இல் சுவீடனின் அஞ்சல் அரும்பொருட்சாலையார் இது போலி என்றனர். அடுத்த ஆண்டே மீண்டும் ஆய்ந்து உண்மையென உடன்பட்டனர். பச்சை நிறம் நாட்பட மஞ்சளாய் மாறியதோ, மருந்து கொண்டு மாற்றப்பட்டதோ, அச்சிலேயே நேர்ந்ததோ என்பதைக் கண்ணால் மட்டும் துணிதல் இயலாது. மை, தாள், கந்தோர்க்குறி என மூன்றும் ஒன்றையொன்று மறுக்காதிருத்தல் வேண்டும்.

இவ்விரண்டு அரும்பொருள்களையும் கண்டெடுத்தோர் பள்ளிச் சிறுவர் என்பதை நம் மாணவர் கவனிப்பாராக. இருவரும் அற்ப விலைக்கு விற்றனர் என்பதையும் உடன் கவனிப்பாராக.

இங்கே நம் தெல்லிப்பழையோடு தொடர்புடைய ஒரு செய்தியைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. 1816இல் அமெரிக்க மிசன் குருமார் டானியல் பூர், எட்வேட் வொறன் என்போர் தெல்லிப்பழையிலே வந்து தங்கினர் என்பதை நம்மவர் அறிவர். அவர்களை அனுப்பிய அதே பொஸ்ரன் சங்கம் 1819இல் பசிபிக் மாகடலிலுள்ள அவாய்த் தீவுகளுக்கும் குருமாரை அனுப்பிற்று. அத்தீவுகளிலே 1851இல் முதல் முத்திரைகள் வெளியாயின. 2, 5, 13 சதம் என்னும் மூன்றும் மெல்லிய தாளிலே எளிய எழுத்துருக்களால் அச்சிடப்பட்டவை. தாயகத்துக்குக் கடிதம் எழுதிய குருமாரே அவற்றை மிகுதியும் ஒட்டினர். ஆகையால் மிசனரி முத்திரைகள் என்றே அவை பெயர்பெற்றன. இரண்டு சத முத்திரை மிக அரியது. பெராரியிடம் அதுவும் இருந்தது. தெல்லிப்பழைக் குருமார் முதல் நாற்பது ஆண்டுகளும் எழுதிய கடிதங்களுக்கு முத்திரையே இல்லை. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்பிரல் 1ஆம் நாளிலேதான் வந்தது.

நம் நாட்டு முத்திரைகளை இலண்டனில் பேர்க்கின்சு பேக்கன் என்னும் அச்சகத்தார் செதுக்கி அச்சிட்டனர். பிறப்பால் அவை ஐரோப்பிய முத்திரைகளே. 1859இல் வந்த நான்கு பெனி மங்கிய உரோசா நிறத்தது, எண்கோணச் சட்டத்துள் அரசியின் தலையுருவுடையது, உலகப் புகழ் பெற்றது. இதனை அறியும் முறையை நோக்குக. முதல் வெளியீட்டிலே ஓரத்துளை இல்லை. கத்தரிகொண்டு வெட்டிப் பிரித்தனர். 1861 முதல் ஓரத்திலே துளையிட்டு வந்தன. அவை விலை குறைந்தவை. துளையிட்டதன் ஓரத்தை நறுக்கிவிட்டால் துளையில்லாததுபோல் தோன்றும். வஞ்சகர் இதனை நன்கறிவர். அறிந்து வாங்குவோன் நாற்புறமும் வெற்றோரம் அகன்றிருப்பதையே வேண்டுவான். தாளை ஒளிக்கெதிரே பிடித்தால், அன்றிக் கரிய தட்டிலே கவிழ்த்து வைத்தால், நீர்க்குறி தெரியும். நம் பழைய முத்திரைகளுட் பலவற்றிலே விண்மீன் வடிவம் தோன்றும். 1863 முதல் வந்தவற்றிலே முடியும் அதன்கீழ் இரண்டு ‘சீ’ எழுத்துகளும் தோன்றும். ஒரே படம், ஒரே நிறம், ஒரே விலைக்குறி. ஆயினும் நீர்க்குறி வேறாயின் முத்திரையும் வேறு, மதிப்பும் வேறு.

பழையதெல்லாம் விலையுயர்ந்தது என்பது நம்மவரிடையே நிலைத்துவிட்ட ஒரு மயக்கம். 1840இன் கரிய பெனி முத்திரை 6 கோடி 80 இலட்சம் அளவில் அச்சிடப்பட்டது. அதன்பின் வந்த சிவப்புப் பெனிக்கோ கணக்குக் கோடிக்கோடியாய் விரியும். அது 150 ஆண்டுக்கு மேற்பட்டதாயினும் சிறுவர் கைச்செலவுக்குக் கிடைக்கும். எத்தனை அச்சிட்டனர் என்பதைவிட எத்தனை எஞ்சின, அவற்றை எத்தனை பேர் விரும்புகின்றனர், கிழிசலும் மெலிவும் இன்றி எந்நிலையில் உள்ளது என்பனவே விலையை ஆக்குவன. கடித உறையோடு கூடியிருப்பின் மதிப்பு மிகும். உறையிலுள்ள ஊர்ப்பெயரும் நாளும் முத்திரைக்குச் சான்றாய் நிற்கும். உறையிலிருந்து முத்திரையை உரித்தெடுப்பதே திறமை என எண்ணுவோர் நம்மிடையே இன்னும் உளர். அவர்களை நினைக்குந்தோறும் வருத்தமே உண்டாகின்றது.

மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரச கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த நம்மூரவர் எழுதிய கடிதங்கள் ஒரு காலத்திலே தெல்லிப்பழை வீடுகளின் றங்குப்பெட்டிகளிலே கட்டுக்கட்டாய்க் கிடந்தன. புலிப்படம் பொறித்த அம்முத்திரைகள் பெருவிலை பெறா. ஆயினும் ஊரின் வரலாறு அவ்வுறைகளிலே இருந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது பெட்டிகளைத் தூக்கிச் செல்ல யாருக்குக் கை இருந்தது? மீண்டு வந்தோர் பலர் கூரையையே காணவில்லை.

பெராரிக்குத் திரும்புவோம். அவரை ஏமாற்றியோர் பலர். பொருள் மிகுந்தவர், எதனையும் வாங்குபவர் என்னும் பெயர் பரவவே, அவர்க்கென்றே போலிகள் செய்யப்பட்டன. பிறந்தேயிராத நிறங்களும், எந்நாடும் வெளியிடாத முத்திரைகளும் அவர் வாயிலுக்கு வந்தன. அவற்றுக்கு அவர் பெயரையே இட்டு வழங்கும் வழக்கமும் முத்திரையுலகிலே உண்டாயிற்று. அவர் அவற்றை அறியாது வாங்கினார் என்று சொல்வதற்கில்லை. பொய்யைக் கொணர்ந்தவனை வெறுங்கையோடு அனுப்பினால், அடுத்த முறை அவன் மெய்யைக் கொணரும்போது வேறிடம் போய்விடுவான் என்பது அவர் எண்ணம் என்பர். வணிகத்துக்கு ஒவ்வாத இக்கணக்கு அவர்க்கு மட்டும் ஒத்தது.

ஆயினும் ஒரு குறையை மறைக்கலாகாது. இத்துணை முத்திரைகளை ஒருங்கு கண்ட ஒருவர் அவற்றைப் பற்றி ஒரு நூல் எழுதியிருப்பின் அக்கலை ஐம்பது ஆண்டு முன்னேறியிருக்கும். அவர் எழுதவில்லை. தொகுப்பை முழுவதாய்க் கண்டோரும் மிகச் சிலரே. ஒப்பிட்டு நோக்கத்தக்கவர் இங்கிலாந்தின் தாமசு தப்ளிங். அவர் 1891இல் 35 வயதிலேயே இறந்தார். இறக்குமுன் தம் தொகுப்பைப் பிரித்தானிய அரும்பொருட்சாலைக்கு எழுதிவைத்தார். அதனை எட்வேட் பேக்கன் என்னும் அறிஞர் ஒழுங்குசெய்தார். இன்று அது இலண்டனில் பிரித்தானிய நூலகத்திலே குலையாதிருக்கின்றது. பெராரியினும் சிறிய தொகுப்பே அது. எனினும் கற்போர்க்குப் பயன்பட்டது அதுவே என்பது எம் துணிபு.

பெராரிக்கும் அவ்வெண்ணம் இல்லாமலில்லை. 1914இல் பெரும்போர் மூண்டது. ஒஸ்திரியரான அவர் பிரான்சிலே பகைநாட்டவர் ஆனார். பாரிசை விட்டுச் சுவிற்சர்லாந்து சேர்ந்தார். தொகுப்போ பாரிசிலேயே தங்கிவிட்டது. 1915இல் மரண சாதனம் எழுதினார். தம் தொகுப்பு முழுவதும் பேர்லின் அஞ்சல் அரும்பொருட்சாலைக்கு உரியதாகவேண்டும் எனவும், அதனைப் பேணுதற்கு 30,000 கில்டர் உடன் அளிப்பதாகவும் அதிலே விதித்தார். பிரிக்காது ஓரிடத்தே வைத்துப் பொதுமக்கள் காண வேண்டும் என்பதே அவர் விருப்பம். பிரான்சிலே இருக்கும் பொருளைப் பிரான்சு போர்புரியும் நாட்டுக்கு எழுதிவைத்தது உலகியல் அறிந்தார் செயலன்று. ஆனால் போர் முடியும், நாடுகள் மீண்டும் நட்புறும் என்று நம்பிய ஒருவரை அதற்காக இகழ எமக்கு மனமில்லை.

1917 மே 20ஆம் நாள், 67 வயதிலே, சுவிற்சர்லாந்திலே இறந்தார். முத்திரை வணிகர் ஒருவரிடம் சென்று மீளும் வழியில் வாடகை மோட்டார் வண்டியிலேயே உயிர் பிரிந்தது என்பர். மனைவி மக்கள் இலர்.

போர் முடிந்ததும் பிரெஞ்சு அரசு தொகுப்பைப் பகைவர் உடைமையெனக் கைக்கொண்டது. யேர்மனி செலுத்தவேண்டிய போர் இழப்பீட்டிலே அதன் விலையைக் கழித்துக்கொள்வதெனத் துணிந்தது. 1921 முதல் 1926 வரை பாரிசு துரோ ஏலமண்டபத்திலே 14 முறை ஏலம் நடந்தது. ஒரு மனிதர் ஐம்பது ஆண்டிற் சேர்த்ததைக் கூறுபோட்டு விற்க ஐந்து ஆண்டு சென்றது. கிடைத்த பொருள் 3 கோடி பிராங்குக்கு அணித்தாயது.

ஏலங்களுக்கு எல்லா நாடுகளிலிருந்தும் வந்தனர். 1922இல் கயானாவின் ஒரு சதம் ஏறியபோது, அமெரிக்கத் துணியாலைச் செல்வர் ஆதர் இன்ட் 3 இலட்சம் பிராங்குக்குக் கேட்டு, வரியும் சேர 3,52,500 பிராங்கு கொடுத்தார். முத்திரையிலே பெருங்காதல் கொண்ட ஐந்தாம் யோர்ச்சு மன்னர்க்கும் அது கிட்டவில்லை. பல ஆண்டுகளாய்ப் பூட்டிய அறையிலே கிடந்தவற்றை முதன்முறை கையிலெடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அறிஞர்க்கு அவ்வேலங்களிலே கிடைத்தது. போலிகள் பல அப்போது வெளிப்பட்டன. அரியதென நினைத்தவை சில எளியனவாயின. எளியதென விட்டவை சில அரியனவாயின. பேர்லினிலே ஒருங்கு வைத்திருந்தால் இரண்டாம் பெரும்போரின் குண்டுகளுக்கு அவை தப்பியிருக்குமோ என்பதும் எண்ணத்தக்கது. சிதறியது நன்றோ தீதோ என நாம் துணியமாட்டோம். அவர் விருப்பம் மீறப்பட்டது என்பது மட்டும் உண்மை.

சுவீடனின் மஞ்சள் முத்திரை பலர் கைமாறி 1996இல் 28,70,000 சுவிசு பிராங்குக்கு விலைபோயிற்று. கயானாவின் ஒரு சதம் 2014இல் 94 இலட்சம் டொலருக்கு மேலும், 2021இல் 83 இலட்சம் டொலருக்கும் விற்கப்பட்டது. அதனை வைத்திருந்தோர் சிலர் தத்தம் அடையாளத்தை அதன் முதுகிலே பொறித்துள்ளனர். அவற்றிடையே மூவிலை வடிவான ஒரு சிறு குறி இன்றும் காணப்படுகின்றது. அது பெராரியின் குறி.